காது வந்துவிட்டது, நாக்கு இன்னும் வரவில்லை

ஜனவரி 11, 2025, சனி: திருநெல்வேலியிலிருந்து திருநெல்வேலிக்கு

கொழும்புக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாளில் நான் சிங்களத்தில் பேசியதை எல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். கேட்டுப் புரிந்துகொண்டதை எழுத ஒரு குயர் நோட்டு வேண்டும். ஆபீஸில் யார் வீட்டில் கல்யாணம், யார் வேலையை விடப் போகிறார், மேனேஜருக்கு என்ன பட்டப்பெயர், எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் மட்டும் ‘ஹரி ஹரி’ (சரி சரி). அதற்கு மேல் இழுத்தால் எதிரில் இருப்பவர் பரிதாபப்பட்டு இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்.

போயாவும் (பௌர்ணமி விடுமுறை) பொங்கலும் அடுத்தடுத்து வந்து நாலு நாள் லீவு கிடைத்ததும் யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பினேன். நாலு நாளாவது காதும் வாயும் ஒரே பாஷையில் இருக்கட்டும் என்று ஆசை. தங்கிய இடம், கூட வேலை பார்ப்பவரின் உறவுக்காரர் வீட்டு அறை. அது இருப்பது திருநெல்வேலியில். பாளையங்கோட்டைக்காரனான எனக்கு இதைவிட என்ன வேண்டும்? அதிகாலை ஆட்டோக்காரரிடம் ‘திருநெல்வேலி’ என்றேன். “தின்னவேலியோ?” என்று கேட்டார். நாலு நாளுக்கும் முன்னறிவிப்பு அது. அப்போது எனக்குத்தான் புரியவில்லை.

தூறல். படலையில் (கேட் என்று நாம் சொல்வது) வீட்டுக்காரர் குடையோடு நின்றார். தபால் இலாகாவில் இருந்து இளைப்பாறியவர். அங்கிள், அன்ரி என்றே கூப்பிடச் சொன்னார்கள். அன்ரி என்னைப் பார்த்ததும், “முகம் கழுவிப்போட்டு வாங்கோ, பேந்து ஆறுதலாக் கதைப்பம்” என்றார். ஆறுதலா? யாருக்கு என்ன ஆச்சு என்று ஒரு நிமிடம் பதறிவிட்டேன். இங்கே அதற்கு ‘நிதானமாக, மெதுவாக’ என்று பொருள்.

சாப்பிட உட்கார்ந்ததும் “கோப்பையை எடுங்கோ” என்றார். டீக் கோப்பையைத் தூக்கி நீட்டினேன். கையில் இடியப்பத் தட்டோடு அவர் அப்படியே நின்றார். கோப்பை என்றால் தட்டு. டீ குடிக்கிறதைப் பேணி என்பார்கள் போல.

இதெல்லாம் பரவாயில்லை. குளித்துவிட்டு அறைக்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அங்கிள் கதவுக்கு வெளியே நின்று, “தம்பி, வெளிக்கிட்டாச்சோ?” என்றார். எங்கள் ஊரில் ‘வெளிக்கு’ என்று ஆரம்பித்தால் அது ஒரே ஒரு காரியம்தான். இதையெல்லாமா விசாரிப்பார்கள் என்று கூச்சத்தோடு, “ஆச்சு அங்கிள், காலையிலேயே ஆச்சு” என்றேன். சரி, கிளம்பிவிட்டான் என்று அவர் பைக்கை உதைத்துத் தயாராகிவிட்டார். நான் இன்னும் துண்டோடு. பின்னால் விஷயம் தெரிந்து அன்ரி சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழி ஓடியது.

ஒரு விஷயத்தில் மட்டும் தாய்வீடு வந்த மாதிரி இருந்தது: சொதி. எங்கள் ஊர்ச் சைவக் கல்யாணங்களில் மறுவீட்டுக்குச் சொதிச் சாப்பாடு போடுவார்கள். அது இலங்கையிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். எங்களுடையது பாசிப்பருப்பும் காய்கறியும் போட்ட கெட்டிக் குழம்பு. இங்கே தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாயும் வெங்காயமும் மிதக்கும், மோர் மாதிரித் தண்ணீராக, இடியப்பத்தை நனைக்கவே பிறந்தது போல. எது மேல் என்று நான் எழுதினால் ஊருக்குள் நுழைய முடியாது. விட்டுவிடுகிறேன்.

இரவில் அன்ரியிடம் கேட்டேன், நான் பேசுவது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று. “நீங்கள் கதைக்கிறது எங்களுக்கு வடிவா விளங்கும் தம்பி. டிவியில உதுதானே நாள் முழுக்க” என்றார். உண்மைதான். சென்னை சீரியலும் சினிமாவும் இங்கே எல்லா வீட்டிலும் ஓடுகின்றன. ‘கலாய்க்கிறது’, ‘மொக்கை’ எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனால் அவர் வாயில் ஒன்றும் வராது, வரவும் விடமாட்டார். நானோ அவருடைய நாலு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் தவறவிடுகிறேன். ஒரே மொழிக்குள்ளேயே இப்படி. யார் யாரைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் காது பழகுகிறது. அப்பா காலத்தில் எங்கள் தெருவில் இலங்கை வானொலி கேட்காத வீடு கிடையாது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே அந்த ரேடியோ பரணுக்குப் போய்விட்டது.

ஜனவரி 12, ஞாயிறு: எரிந்தது, எரித்தது

வீட்டில் இன்னொரு விருந்தாளி உண்டு. மெல்பனிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கும் பேத்தி, 11 வயது. காலையில் நான் பார்த்த காட்சி இது. அன்ரி குசினியிலிருந்து, “பிள்ளை, அந்தக் கதிரையில இருக்கிற துவாயை எடுத்துக்கொண்டு வாங்கோ” என்கிறார். சிறுமி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்து, சரியான நாற்காலியிலிருந்து சரியான துண்டை எடுத்துக்கொண்டு போய், அது ஈரமாக இருக்கிறது என்று ஆஸ்திரேலிய இங்கிலீஷில் புகார் சொல்கிறாள். அன்ரி அதற்குத் தமிழில் பதில் சொல்கிறார். அவள் இங்கிலீஷில். பத்து நிமிடம் இரண்டு பேரும் சண்டையே போட்டார்கள். ஒரு வார்த்தை கூட மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருமா அன்ரி?”

“எனக்கு எங்க வரப்போகுது! இவளின்ர இங்கிலீஷ் மட்டும் விளங்கும்.” இத்தனை வருட வீடியோ காலின் பலன்.

இதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் வெட்கம் இல்லை. எனக்குச் சிங்களத்தில் இருப்பது முழுக்க வெட்கம்.

மத்தியானம் சந்தை. நாளை மறுநாள் பொங்கல் என்பதால் மண்பானையும் கரும்பும் குவிந்து கிடந்தன. வெடிக் கடையில்தான் கூட்டம் அதிகம். இங்கே தீபாவளியைவிடப் பொங்கலுக்கு வெடிச் சத்தம் பெரிது என்று அங்கிள் எச்சரித்தார். பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கினேன், 250 ரூபாய். வடை என்று பெயரே தவிர, நம் தட்டையின் உடன்பிறப்பு. பஸ்ஸில் கொறிக்க என்று வாங்கியது, சந்தை வாசலைத் தாண்டுவதற்குள் பாதி காலி.

சாயங்காலம் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981-இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்பது நாம் எல்லோரும் படித்திருக்கிற செய்திதான். இப்போது வெள்ளையாக, தோட்டத்தோடு, வாசலில் சரஸ்வதியோடு நிற்கிறது. தெற்கிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பையனுக்கு எட்டு வயது இருக்கும். இது என்ன இடம் என்று கேட்டான். அப்பா, இது பெரிய லைப்ரரி, முன்னே ஒரு தடவை ‘கினி கத்தா’ என்றார், தீப்பிடித்தது என்று. பக்கத்தில் இருந்த அம்மா, பையனின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, குரலை உயர்த்தாமல் ‘கினி திப்பா’ என்றார். தீ வைத்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையன் “யார்?” என்று கேட்டான். அதற்குள் அவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

எரிந்தது, எரித்தது என்று தமிழில் ஒரே ஒரு எழுத்தில் மாறுவது, அங்கே ஒரே ஒரு சொல்லில் மாறுகிறது. அந்த வித்தியாசம் என் காதில் விழுந்தது எனக்கே ஆச்சரியம். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் சிங்களத்தின் முதல் வாத்தியார்கள் பஸ் கண்டக்டர்கள். முன்னால் போகச் சொல்லி ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ என்று அவர்கள் கத்தியதில்தான் என் படிப்பு தொடங்கியது. தமிழனின் காதுக்கு அது அவ்வளவு தூரத்து மொழியும் இல்லை. வாக்கியத்தில் வினை நம்முடையது போலவே கடைசியில் வரும். ‘கடே’ நம் கடைதான். அக்கா என்றால் அக்காதான். இங்குள்ளவர்கள் ‘கதைக்கிறது’ என்பது அங்கே ‘கதா கரனவா’. பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் எல்லோருக்கும் ஒரே வினை, விகுதித் தொல்லையே கிடையாது. பிறகு ஏன் வாய் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கூட்டத்தில் தெரிந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்வது ஒரு நொடி வேலை. அதே முகத்தைத் தாளில் வரையச் சொன்னால்?

இரவு அங்கிளும் இதையே வேறு மாதிரிச் சொன்னார். குருநாகலில் 11 வருடம் வேலை பார்த்தவர், 1983-இல் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியவர். அந்தக் காலத்தில் சிங்களத்தில் பகிடி விடுவாராம். “இப்ப நியூஸ் போட்டா எல்லாம் விளங்கும். வாய்தான் வராது. கதைக்க ஆக்கள் இல்லாம அது போட்டுது.” நான் இன்னும் தாண்டாத இடத்துக்கு அவர் திரும்பி வந்திருக்கிறார்.

ஜனவரி 13, திங்கள், போயா: நயினாதீவு

இந்த நாளைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

குறிகட்டுவான் துறைக்குப் போகும் வழியில் புங்குடுதீவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், மேலே சாம்பல் வானம், பஸ்ஸுக்குள் சாரல். துறையில் திருவிழாக் கூட்டம். போயா என்பதால் வெள்ளை உடுத்த சிங்கள யாத்ரீகர்கள் நாகதீப விகாரைக்கு. நாகபூசணி அம்மனுக்குத் தமிழர்கள். இரண்டு கூட்டமும் ஒரே படகில். படகின் அடிவயிற்றுக்குள் இறங்கி உட்கார வேண்டும். டீசல் வாசம், பூ வாசம், யாரோ பொதிந்து கொண்டுவந்த சம்பல் வாசம். அலையும் கொஞ்சம் அதிகம். கிளம்பி ஐந்தாவது நிமிடத்தில் என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. எதிர்ப் பலகையில் இருந்த ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம், “அனே பவ், மெயாட்ட வமனெ எனவா வகே” என்றார். ஐயோ பாவம், இந்தப் பையனுக்கு வாந்தி வரும்போல இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர், வந்தால் நம் புடவைமேல்தான் வரும், நீ தள்ளி உட்கார் என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பாட்டி தள்ளி உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, மூக்கில் வைத்து முகர்ந்து காட்டி, எனக்கு நீட்டினார். செவிடனுக்குக் காட்டுவது போல. நான் சிங்களத்தில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ‘இஸ்தூதி’, ஒரே வார்த்தை, அதுகூடத் தெரியாதா எனக்கு? ஆனால் சொன்னால் சற்றுமுன் பேசியதும் எனக்குப் புரிந்தது என்று தெரிந்துபோகும். அவர்களுக்குச் சங்கடம். ‘தேங்க்ஸ்’ என்றேன். அப்புறம் கரை சேரும்வரை அவர்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டே, கேட்காதவன் மாதிரி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்றால் முழு நேரமும் நான் தப்பில்தான் இருக்கிறேன். காதை மூடிக்கொள்ளவா முடியும்?

அம்மன் கோயிலில் சட்டையைக் கழற்றிக்கொண்டு கும்பிட்டு, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டேன். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். வயிறு திரும்ப என் வசம் வந்தது. கோபுர வாசலுக்கு வந்தால் அதே பாட்டி, தனியாக. விகாரைக்கு வந்த பலரும் அம்மனையும் கும்பிட்டுப் போவார்கள். இவர் செருப்பைத் தேடி நின்றதில் கூட்டம் முன்னால் போய்விட்டது. எதிர்ப்பட்டவரிடம் எல்லாம் “அபே நடே கோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நடே என்றால் யாத்திரைக் கூட்டம். எங்கள் நடே எங்கே?

அவர்கள் விகாரைப் பக்கம் போனதை நான் பார்த்திருந்தேன். பாட்டியோ எதிர்ப் பக்கம் இறங்கி நடக்க ஆரம்பித்தார். ‘அங்கே போகாதீர்கள், இங்கே வாருங்கள்.’ மூன்று வருடமாகத் தினம் கேட்கிற சொற்கள். யன்ன என்றால் போ, என்ன என்றால் வா, எபா என்றால் வேண்டாம். அவசரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று முட்டி, கையை நீட்டி நான் கத்தியது: “மெஹெ என்ன எபா!”

இங்கே வராதே.

கோயில் வாசலில், சட்டையில்லாமல், திருநீறு பூசிய ஒரு தமிழன், ஒரு சிங்களக் கிழவியைப் பார்த்து. பாட்டி அப்படியே நின்று ஓரடி பின்னால் வைத்தார். பூக்கடைக்காரர் தலையைத் தூக்கினார். கடலில் வராத வாந்தி அப்போது வரும்போல இருந்தது. தலையை ஆட்டி, கையைக் கூப்பி, “நே, நே” என்று உளறி, விகாரைப் பக்கம் கையைக் காட்டி, “நடே! நடே!” என்றேன். பாட்டி என்னையே பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழம் வைத்திருந்த என் கையைப் பார்த்தார்.

“ஒயாட்ட தேரெனவா நேத?” உனக்குப் புரிகிறது, இல்லையா?

“தேரெனவா. கதா கரன்ன பே.” புரியும், பேச வராது. நான் பிழையில்லாமல் சொல்லக்கூடிய ஒரே சிங்கள வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியென்றால் படகில் நாங்கள் பேசியதும்? தலையசைத்தேன். “அனே!” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

விகாரை வரை கூடவே நடந்தேன். தூரம் அதிகமில்லை, பாட்டியின் நடைக்கு நேரம் எடுத்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார், நான் ‘ஔ’, ‘ஹரி’ என்று ம் கொட்டிக்கொண்டே. மிளகாய் விலை, முழங்கால் வலி, மருமகள். ஒரு திருப்பத்தில் கடல் தெரிந்ததும், “மகே புதா மெஹே ஹிட்டியா. பலாலியே” என்றார். என் மகன் இங்கே இருந்தான், பலாலியில். ராணுவ முகாம் இருக்கும் இடம். அவ்வளவுதான். இப்போது எங்கே என்று கேட்க எனக்கு வார்த்தை தெரியும். ‘தென் கொஹேத?’ இரண்டே சொல். அது வாயில் வரவில்லை. சற்றுமுன் ‘வா’வையும் ‘போ’வையும் மாற்றிப் போட்ட வாய். இதிலும் எதையாவது மாற்றிப் போட்டுவிட்டால்? விகாரை வாசலில் அவர் கூட்டம் இருந்தது. பையைத் துழாவி ஒரு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

படகில் திரும்பும்போது ஒன்று உறைத்தது. ‘எனக்குப் புரிகிறது’ என்கிறோம், ‘நான் பேசுகிறேன்’ என்கிறோம். சிங்களத்திலும் அப்படியேதான்: ‘மட்ட தேரெனவா’, ‘மம கதா கரனவா’. புரிவது எனக்கு வந்து சேர்கிறது, நான் சும்மா இருந்தால் போதும். பேசுவதை நான் எழுந்து செய்ய வேண்டும்.

இரவு அங்கிளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘என்ன எபா’ இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகன் கதை வந்ததும், “பலாலி எண்டோ சொன்னவ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். ஆமாம் என்று சொல்லாமல் இவர்களைப் போல ஓம் என்று சொன்னதை அப்போதுதான் நானே கவனித்தேன். கொஞ்ச நேரம் வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிட்டு ஆறுது, சாப்பிடுங்கோ” என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்: பொங்கல்

விடியுமுன்பே வெடி. முற்றத்தில் அரிசிமாக் கோலம், மூன்று கல், புதுப்பானை. மழை வருமா வராதா என்று எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பால் பொங்கியதும் அங்கிள் அரிசியைக் கையில் அள்ளிச் சூரியன் இருக்க வேண்டிய திசையில் மூன்று தரம் சுற்றிப் போட்டார். வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, ‘பிளம்ஸ்’. பிளம்ஸ் என்பது உலர்ந்த திராட்சை. நான் கேட்கவில்லை, பானையில் விழுந்ததும் தெரிந்துகொண்டேன். கெட்டிக்காரன் ஆகிவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலுக்கு மேலாக ஒரு சீனவெடியை எறிந்தான். அது மெல்பன் பேத்தியின் காலடியில் வெடித்தது. “ஐயோ அம்மா!” என்று துள்ளினாள்.

அன்ரி அகப்பையோடு ஓடிவந்தார். காயமா என்று பார்க்கவில்லை. “கேட்டியளோ? பிள்ளை தமிழ் கதைச்சிட்டுது!” அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று அவள் இங்கிலீஷில் சாதித்தாள். சாட்சி கேட்டார்கள். நான் எதுவும் கேட்கவில்லை என்றேன்.

ராத்திரி பஸ். அன்ரி பனங்கட்டியும் புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கட்டிக் கொடுத்தார்.

ஜனவரி 15, விடிவதற்கு முன்: புத்தளம்

தேநீருக்கு நிறுத்தினார்கள். நல்ல குளிர். சீனி போடாத பிளேன்டீ வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்தேன். வரிசையில் நின்றபடி உதட்டுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். என் முறை வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, “சீனி நெதுவ பிளேன்டீ எக்கக் தென்ன” என்றேன். முழு வாக்கியம். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை.

கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே திரும்பி, “டேய், சீனி போடாம ஒரு பிளேன்டீ!” என்று கத்தினார். அப்புறம் என்னிடம், “60 ரூவா. சில்லறையாக் குடுங்க” என்றார்.